அண்ணனின் இடப்பக்கத்தில் பறந்தவள்

கண்ணாடிக் கடையில் சேர்ந்த நாளிலிருந்து அவளுக்கு ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டது. யாரைப் பார்த்தாலும் முதலில் மூக்கைப் பார்ப்பாள், அப்புறம் காதை, கடைசியாகத்தான் முகம். "என்னம்மா, எனக்கு ஃபிரேம் மாட்டிப் பாக்கிறியா?" என்று பஸ்ஸில் எதிரே உட்கார்ந்தவர்கள்கூடக் கேட்டிருக்கிறார்கள். கடை முதலாளி அவளை நம்பித்தான் கடையையே விட்டிருந்தார். கண்ணாடி சரியாக உட்காரவில்லை என்று திரும்பி வந்தவர் யாருமில்லை.

அவளுக்குச் சொந்தம் என்று இருந்தது அண்ணன் ஒருவர்தான். பத்து வயது மூத்தவர். அப்பா அம்மா அடுத்தடுத்துப் போய்விட, தலை வாரி விட்டது முதல் வேலையில் சேர்த்து விட்டது வரை எல்லாம் அண்ணன்தான். கார் சீட் தைக்கிற பட்டறை வைத்திருந்தார். பட்டறைக்குப் பின்னாலேயே வீடு. அண்ணி வந்த பிறகும் அந்த வீட்டில் அவளுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. கடைக்குப் பக்கத்தில் தனியாக ஓர் அறை எடுத்துக்கொண்டது அவளாக விரும்பித்தான். அதற்கும் அண்ணன் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

பறக்கிற பைத்தியம் அண்ணனுக்குப் பிடித்தது ஒரு காரின் பின்சீட்டில். சீட்டைக் கழற்றும்போது அடியில் ஒரு பழைய பத்திரிகை கிடந்தது. அதில் ஒரு படம்: மலைச்சரிவிலிருந்து ஒரு மனிதன் முக்கோணமான பெரிய துணி இறக்கை ஒன்றின் அடியில் தொங்கிக்கொண்டு போகிறான். எஞ்சின் இல்லை, ஒன்றும் இல்லை. ஹாங் கிளைடர் என்று கீழே போட்டிருந்தது. வேறு யாராக இருந்தாலும் "அம்மாடி!" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டியிருப்பார்கள். அண்ணன் தையலைப் பார்த்தார்.

"இதுல என்ன இருக்கு? துணி, தையல், குழாய். மூணும் இந்தத் தெருவுலயே இருக்கே" என்றார்.

குழாய் எதிர்வரிசையில் இருந்தது. அலுமினிய ஏணி செய்து விற்கிறவர், அண்ணனின் கூட்டாளி. அவரை எல்லோரும் ஏணி என்றே கூப்பிட்டார்கள். ஆளும் அப்படித்தான், மெலிசாக, உயரமாக. பள்ளிக்கூடத்து மெத்தைகளுக்கு உறை தைக்கக் கொண்டுவந்த உடற்பயிற்சி ஆசிரியர் மூன்றாவது ஆளாக வந்து மாட்டிக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் ஊதி ஊதிப் பழகி, ஞாயிற்றுக்கிழமையும் கழுத்தில் விசிலோடு வருவார். அதனால் அவர் பெயர் விசில்.

மூடிப் போன கல்குவாரிக்குப் பின்னால் மரம் மட்டை இல்லாத ஒரு குன்று. அதுதான் அவர்களுடைய விமான நிலையம். தார்ப்பாயைத் தைத்து, ஏணிக்குழாயில் இழுத்துக் கட்டி, மாற்றி மாற்றி ஓடினார்கள், விழுந்தார்கள். அவள் தண்ணீர் பாட்டிலும் பஞ்சும் மருந்துமாகக் கீழே உட்கார்ந்திருப்பாள். விசில் ஒருமுறை சரிந்து போய் யாரோ துணி காயப்போட்ட கயிற்றுக்குள் விழுந்து, தோளில் ஒரு படுக்கை விரிப்போடு ராஜா மாதிரி நடந்து வந்தார். அண்ணனுக்கு உடம்பு கனம். காற்று அவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிடும்.

"காத்து மேல தப்பில்ல. நீ சாப்பிடறத முதல்ல நிறுத்து" என்பார் ஏணி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, இறக்கையின் மூக்கு எவ்வளவு நிமிர்ந்திருக்க வேண்டும் என்று மூவருக்கும் வாக்குவாதம் முற்றிக்கொண்டிருந்தது. அண்ணன் அவளைக் கூப்பிட்டு வாரில் மாட்டி, இறக்கையைத் திருப்புகிற கம்பியைக் கையில் கொடுத்தார். "நீ எடை கம்மி. சும்மா பிடிச்சு நில்லு. தூக்குதான்னு மட்டும் பாப்போம்."

அவள் நின்றாள். காற்று நிற்கவில்லை. இரண்டு எட்டு ஓடினாள். மூன்றாவது எட்டுக்குத் தரையைக் காணோம்.

அவளுக்கு அந்தப் பறத்தலில் நினைவிருப்பது ஒன்றே ஒன்றுதான். கீழே, அவளுடைய நிழலுக்குள்ளேயே, அண்ணன் ஓடி வந்துகொண்டிருந்தார். விழுந்தால் பிடித்துக்கொள்ள இரண்டு கைகளையும் மேலே நீட்டியபடி, கல்லையும் பார்க்காமல் முள்ளையும் பார்க்காமல், "குட்டி! குட்டி!" என்று கத்திக்கொண்டு. அவள் பத்திரமாக இறங்கினாள். அவர்தான் முழங்காலைப் பெயர்த்துக்கொண்டார்.

அப்படித்தான் கிளப் ஆரம்பித்தது. வருஷங்கள் போகப் போக ஆள் சேர்ந்தது. ஒரு பஸ் கண்டக்டர் வந்தார், ஓர் ஆஸ்பத்திரி நர்ஸ் வந்தாள், பேங்க்கில் வேலை பார்க்கிற ஒரு கணவன் மனைவி வந்தார்கள். தார்ப்பாய் போய், ஒழுங்கான இறக்கைகள் வந்தன. ஏணியின் கொட்டகையே கிளப் ஆபீஸ். அவள் அண்ணா என்று கூப்பிட்டதைக் கேட்டுக் கேட்டு எல்லோருக்குமே அவர் அண்ணன் ஆகிவிட்டார். அவரைவிட வயதில் மூத்தவர்கள்கூட. ஒவ்வொருவருக்கும் உடம்பை அளந்து, தொங்கிப் பறக்கிற ஹார்னஸை அவரே தைத்துக் கொடுத்தார். கொக்கியை மாட்டி, படுத்துத் தொங்கிக் காட்டாமல் யாரையும் சரிவில் கால் வைக்க விடமாட்டார். "உன் வீட்ல உனக்கு ஒரு தட்டு சோறு எடுத்து வச்சிருக்காங்க. அத நெனச்சிட்டுத் தொங்கு" என்பார்.

அண்ணி மட்டும் குன்றுப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. அவர் பறக்கப் போன நேரங்களில் கழுவிய பாத்திரங்களையே மறுபடி கழுவிக்கொண்டிருப்பாள்.

அண்ணனுக்கு ஐம்பது தாண்டிய பிறகுதான் அது ஆரம்பித்தது. முதலில் ஒன்றுமில்லாத விஷயங்கள். டீ டம்ளரை இடது கை தட்டிவிடும். வாசல்கதவின் ஓரத்தில் தோள் இடிக்கும். "இந்தக் கதவை எவன் இங்க வச்சான்?" என்று சிரிப்பார். அவளும் சிரித்தாள்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆகாயத்தில் கண்டக்டர் அவருக்கு இடதுபுறம் சமமாக வந்துகொண்டிருந்தார். அண்ணன் எந்த அவசரமும் இல்லாமல், நிதானமாக, நேராக அவர் மேலேயே திரும்பினார். கண்டக்டர் கம்பியை இழுத்துக் கீழே பாய்ந்ததால் தப்பித்தார். இறங்கி வந்தபோது அவருக்கு முகத்தில் ஈயாடவில்லை.

"என்னண்ணே, நான் ஒருத்தன் அங்க இருக்கேனேண்ணே!"

"நீ இன்னும் கொஞ்சம் குண்டா இருந்தா தெரிஞ்சிருக்கும்டா" என்று அண்ணன் முதுகில் தட்டினார். எல்லோரும் சிரித்தார்கள்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சாப்பிட உட்கார்ந்தபோது அண்ணனின் இடதுபக்கம் போய் உட்கார்ந்தாள். தண்ணீர் பாட்டிலை அவர் தோளுக்குச் சற்றுத் தள்ளி, பேசாமல் நீட்டினாள். அவர் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். ஏணியிடம் ஏதோ பேசிச் சிரித்தார். கை வலிக்கும்வரை நீட்டிக்கொண்டே இருந்தாள். அவர் பார்க்கவில்லை. ஓரப் பார்வை இருக்கிறதா என்று பார்க்கக் கடையில் எத்தனையோ பேருக்கு இந்த மாதிரி விரலை ஆட்டிக் காட்டியிருக்கிறாள். மறுநாளே அண்ணனைக் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள்.

கண் டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு செத்துக்கொண்டிருக்கிறது. இடது கண்ணில் ஓரப் பார்வை ஏறக்குறையப் போய்விட்டது, வலதிலும் தொடங்கிவிட்டது. போனது வராது. சொட்டு மருந்தை ஒருவேளைகூட விடாமல் போட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம். வண்டி ஓட்டக் கூடாது. அவர் பறப்பார் என்பது டாக்டருக்குத் தெரியாது. அவர்களும் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

"கிளப்புல யாருக்கும் தெரிய வேண்டாம், குட்டி."

அவள் டிக்கெட்டைச் சின்னதாக மடித்தாள்.

"நேரா இருக்கறதெல்லாம் நல்லாத்தான் தெரியுது. நான் நேராத்தானே பறக்கறேன்?"

"நேரா மட்டும் பறக்க முடியுமாண்ணா?"

"மருந்து போட்டுக்கறேன். ஒருவேளை விடாம போட்டுக்கறேன். இத மட்டும் எடுத்துராதே."

பஸ் நிறுத்தம் வந்துவிட்டது. அவளுடைய மௌனத்தை அவர் சம்மதமாக எடுத்துக்கொண்டார். அவளும் அதை மறுக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவள் அண்ணனுக்குப் பின்னாலேயே சரிவிலிருந்து புறப்பட்டாள். அவருக்கு இடதுபுறம், கொஞ்சம் பின்தள்ளி, கொஞ்சம் மேலே. அவர் திரும்பினால் இவளும் திரும்புவாள். அவர் ஏறுகாற்றைப் பிடித்துச் சுற்றினால் இவளும் சுற்றுவாள். யாராவது அந்தப் பக்கம் வந்தால், "அண்ணா, இடது!" என்று தொண்டை கிழியக் கத்துவாள். அவர் தலையைத் திருப்பாமலே விலகிக்கொள்வார். பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. "அண்ணனுக்கு வால் முளைச்சிருச்சு" என்று விசில் கேலி செய்தார்.

அந்தப் பருவம் முழுக்க அவள் கீழே விரிந்த ஆற்றையும் வயலையும் ஒருமுறைகூடப் பார்த்திருக்கமாட்டாள். பார்த்ததெல்லாம் அண்ணனின் இடது தோளையும் அதற்கப்பால் இருந்த வெறும் ஆகாயத்தையும்தான். திங்கட்கிழமை கடையில் கழுத்தைத் திருப்ப முடியாமல் தைலம் தடவிக்கொண்டு நிற்பாள். ஆனால் அவளைக் கேட்டால் அதுபோல ஒரு காலம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. மேலே காற்றின் சத்தத்துக்கு நடுவில் அண்ணன் சில நேரம் பாடுவார். ராகமாவது தாளமாவது. "இருக்கியா?" என்று நடுவில் கேட்பார். "இருக்கேண்ணா!" என்பாள்.

விசிலின் மகள் அந்த வருஷம்தான் பறக்கக் கற்றுக்கொண்டாள். கல்லூரியில் படிக்கிற பெண், அப்பாவைப்போலவே துறுதுறு. குன்றின் முகடு நெடுக அவள் முதன்முதலாகப் பறந்த நாளன்று அண்ணன் ஏற்கெனவே மேலே இருந்தார். தங்கை அவர் பின்னால் புறப்பட்டவள்தான், ஆனால் காற்று அவளைக் கைவிட்டுவிட்டது. எவ்வளவு முயன்றும் ஏற முடியாமல் கீழே வயலில் வந்து இறங்கினாள். வாரைக் கழற்றக்கூட இல்லை. நிமிர்ந்து பார்த்தாள்.

அண்ணனின் இடதுபக்கம் காலியாக இருந்தது. அந்தக் காலி இடத்துக்குள் விசிலின் மகள் வந்துகொண்டிருந்தாள். பெரியவர் பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கையில், நெருங்கி நெருங்கி. அண்ணனின் இறக்கை இடதுபக்கம் சாயத் தொடங்கியது.

வயலில் நின்று அவள் கத்தினாள். அவ்வளவு உயரத்துக்கு எந்தக் குரல் போகும்? அந்தப் பெண் அந்த நேரத்தில் எதற்கோ பயந்து, காற்று உலுக்கியதோ என்னவோ, வெளிப்பக்கமாகத் திரும்பிவிட்டாள். அண்ணன் அவள் இருந்த இடத்தின் வழியாகப் போனார்.

ஒன்றுமே நடக்கவில்லை. யாரும் கவனிக்கவும் இல்லை. மேட்டில் நின்று விசில் கை தட்டிக்கொண்டிருந்தார். வயலில் இவள் குப்புற விழுந்து வாந்தி எடுத்தாள்.

அன்று சாயங்காலமே பட்டறைக்குப் போனாள். அண்ணன் ஒரு சீட்டுக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தார்.

"நீங்களே சொல்லிருங்கண்ணா. நீங்களா இறங்கினா அதுல ஒரு மரியாதை இருக்கு."

"ஒன்னும் ஆகலையே?"

"அந்தப் பொண்ணு திரும்பினா, அதனால ஆகலை. நீங்க பாக்கலைண்ணா. அவ அங்க இருந்ததே உங்களுக்கு இப்ப நான் சொல்லித்தான் தெரியும்."

தையல் மெஷின் நின்றது. ஊசியிலிருந்து நூலை அறுத்துவிட்டு, "அடுத்த கூட்டத்துல சொல்றேன்" என்றார்.

அவள் நம்பினாள். அவர் சொன்ன சொல் தவறியதில்லை.

கூட்டம் வழக்கம்போல ஏணியின் கொட்டகையில். ஏணிகளுக்கு நடுவே ஸ்டூல்களும் கவிழ்த்துப்போட்ட டின்களும். பேச்செல்லாம் முடியும் தறுவாயில் அண்ணன் எழுந்தார். அவர் சுற்றிலும் பார்த்தார். எல்லோரும் அவர் ஏதோ நகைச்சுவையாகச் சொல்லப் போகிறார் என்று இப்போதே சிரிக்கத் தயாராக இருந்தார்கள். அந்த முகங்களைப் பார்த்து அவர் என்ன நினைத்தாரோ.

"விசிலு, உன் பொண்ணு நல்லாப் பறக்கறா. வர்ற ஞாயித்துக்கிழமை நானே அவளக் கூட்டிட்டு மேல போறேன். பக்கத்துலயே இருந்து சொல்லிக் குடுக்கறேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அந்தப் பெண்ணுக்குத் தலைகால் புரியவில்லை. விசில் எழுந்து அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

தான் எழுந்ததே தங்கைக்குத் தெரியாது.

"அண்ணனுக்குக் கண்ணு தெரியல" என்றாள்.

அவள் தரையைப் பார்த்தபடி மீதியையும் சொன்னாள். டாக்டர் சொன்னது, கண்டக்டர் தப்பித்தது, போன வாரம் நடக்காமல் போனது. சொல்லச் சொல்ல விசில் அண்ணனின் கையை மெல்ல விட்டுவிட்டதை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"என்னம்மா சொல்றே? கோவத்துல ஏதாவது பேசறியா?" என்றார் ஏணி. "டேய், நீ சொல்லுடா. இவ என்னமோ உளர்றா."

அண்ணன் எழுந்தார். "என் தங்கச்சி பொய் சொல்ல மாட்டா" என்றார்.

சுவரில் ஹார்னஸ்கள் வரிசையாகத் தொங்கின. தன்னுடையதை எடுக்கப் போனவர் பக்கத்து ஆணியில் கை வைத்து, தடவி, அது தன் தையல் இல்லையே என்பதுபோல ஒரு கணம் நின்று, பிறகு சரியானதை எடுத்தார். ஏணியின் மடியில் வைத்தார். வெளியே போனார்.

அவள் பின்னாலேயே ஓடினாள். தெருவில், பழக்கத்தில், அவருடைய இடதுபக்கம் போய்ச் சேர்ந்துகொண்டாள்.

"அண்ணா..."

"இந்தப் பக்கம் யாரும் வேண்டாம். எனக்கு நடக்கத் தெரியும்" என்றார்.

அவளிடம் அவர் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். அன்றைக்கு அவளுக்கு அது தெரியாது. ஒரு வாரம் கோபமாக இருப்பார், தனி அறை எடுத்தபோது இருந்த மாதிரி, அப்புறம் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தாள்.

வாரம் மாதமாகி, மாதம் வருஷமானது. அவள் வாராவாரம் போனாள். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். இவள் கடைக் கதை, பஸ் கதை எல்லாம் சொல்வாள். யாருக்கோ சொல்வதுபோல அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார்: "வந்தவங்களுக்கு டீ குடு."

வந்தவங்க. தலை வாரி விட்ட கைக்கு இவள் வந்தவங்க. அந்தச் சொல்லைக் கேட்கிறபோதெல்லாம் அண்ணி அடுப்படியில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நிற்பாள். ஏசிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள், சாப்பிடாமல் கிடந்து பார்த்தாள். அவர் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சொட்டு மருந்தை அவர் நிறுத்திவிட்டார். அண்ணி சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. பறப்பதற்காகக் காப்பாற்றிக்கொண்டிருந்த பார்வை. பறப்பு போன பிறகு அவருக்கு அதில் அக்கறை இல்லை. அவள் மருந்தை வாங்கி வந்து அவர் காலடியில் உட்கார்ந்து, "என்னைத் திட்டுங்க, அடிங்க, இத மட்டும் போட்டுக்கோங்க" என்று அழுதாள். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். போகிற வழியில் கதவில் இடித்துக்கொண்டார். அவளால் பிடிக்கவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை.

பட்டறையை மூடினார்கள். கிளப் ஆட்கள் முதலில் அடிக்கடி வந்தார்கள். அவர்களிடம் அண்ணன் நன்றாகத்தான் பேசினார், பழைய கேலியெல்லாம் பேசினார். ஆனால் காற்றைப் பற்றி யாராவது வாயெடுத்தால் எழுந்துவிடுவார். பிறகு வருவது குறைந்தது. ஏணி மட்டும் விடாமல் வந்து, சும்மா உட்கார்ந்துவிட்டுப் போவார்.

அவளும் அந்தக் கூட்டத்து நாளோடு பறப்பதை நிறுத்திவிட்டாள். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. விசில் வீடு தேடி வந்து, "என் பொண்ணு உசிரோட இருக்கான்னா உன்னாலதாம்மா. வா, நீ வராம கிளப்பு கிளப்பாவே இல்ல" என்று கூப்பிட்டார். "அவர் இறங்கின அன்னைக்கே நானும் இறங்கிட்டேன்" என்றாள். இதை அண்ணி ஒருநாள் அண்ணனிடம் சொன்னாள். அன்று அவர் தட்டைத் தொடவில்லை என்று அண்ணி சொன்னாள். அந்தத் தொடாத தட்டை அவள் பல நாள் மனசில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள், அதற்கு என்ன அர்த்தம் என்று.

ஒரு பகல் பொழுதில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே, அண்ணனின் இதயம் நின்றது. அப்போது அவருக்கு வெளிச்சமும் இருட்டும் மட்டும்தான் தெரிந்துகொண்டிருந்தது. கடையில் அவள் ஒரு வாடிக்கையாளரின் காதுக்குப் பின்னால் கண்ணாடிக் காம்பை வளைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. வேலையை முடித்து, அவருக்குக் கண்ணாடியில் முகத்தைக் காட்டி, "சரியா இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்பினாள். எப்படி அது முடிந்தது என்று அவளுக்கே பிறகு புரியவில்லை.

கிளப்பே திரண்டு வந்தது. கண்டக்டர் குழந்தைபோல அழுதார். எல்லோரும் அவளிடம் வந்து, "நீ செஞ்சது சரிம்மா" என்றார்கள். ஒருவர் பாக்கி இல்லாமல் சொன்னார்கள். அவளுக்கு ஒவ்வொரு முறையும் யாரோ அறைவதுபோல இருந்தது.

எல்லோரும் போய் வீடு வெறிச்சோடிய பிறகு ஒருநாள், அவளும் அண்ணியும் பட்டறையைப் பெருக்கிச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். அண்ணி திடீரென்று துடைப்பத்தைப் போட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

"நீ வாயத் தொறக்காம இருந்திருந்தா ஒருநாள் மேலயே போயிருப்பாரு. சிரிச்சிட்டே போயிருப்பாரு. நீ எனக்கு அவரக் காப்பாத்திக் குடுத்ததா நெனச்சே. நீ குடுத்தது அவர் இல்ல குட்டி. அந்த நாற்காலி."

அவள் அண்ணி போட்ட துடைப்பத்தைக் கையில் எடுத்தாள். அண்ணி உடனே அவளை இழுத்து அணைத்துக்கொண்டு, "ஐயோ, நான் என்ன பேசறேன், நான் என்ன பேசறேன்" என்று ஓவென்று அழுதாள். இரண்டு பேரும் அழுது ஓய்ந்தார்கள்.

அப்புறம் அவள் மெதுவாகக் கேட்டாள். "அண்ணி, கடைசியில என்கிட்டப் பேசணும்னு அவருக்கு எப்பவாவது இருந்துச்சா?"

அண்ணி வெகுநேரம் அவளுடைய கையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"இருந்துச்சுன்னு சொன்னா உனக்கு ஆறுதலா இருக்கும். சொல்லிரலாம்னுதான் பாக்கறேன். ஆனா எனக்கே தெரியலையே, குட்டி. அவர் என்கிட்டயும் அதப்பத்திப் பேசினதில்ல."

"சரி அண்ணி. சொல்ல வேண்டாம்."

அந்த மாதமே தன் அறையைக் காலி செய்துவிட்டு அண்ணியோடு வந்து சேர்ந்துகொண்டாள். இப்போதும் கண்ணாடிக் கடைக்குத்தான் போகிறாள். அண்ணிக்கு முழங்கால் வலி. விடுமுறை நாட்களில் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வானம் தெளிவாக இருந்து காற்றும் வாகாக இருந்தால், அண்ணி ஜன்னலைச் சாத்திவிடுவாள். அவள் ஏன் என்று கேட்பதில்லை.